லாரிகளுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை

அன்புள்ள அம்முவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தி இருவரும் வயிற்றில் இருக்கிற சின்ன உயிரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எழுந்தாலும் படுத்தாலும் என் நினைப்பு. கால் வீக்கம் வற்றியதா? நின்றுகொண்டே செய்கிற வேலையைக் குறைத்துக்கொள், சொன்னால் கேட்கமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன்.

போன வாரம் ஃபோனில் நீ அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரசவத்துக்கு நான் மட்டும்தான் வருகிறேன், அப்பா வரவில்லை என்றால் உனக்குக் கோபம் வருவது நியாயம்தான். காரணத்தைச் சொல்லக் கூடாது என்று அவர் என் வாயைக் கட்டி வைத்திருந்தார், இப்போது சொல்லிவிடுகிறேன். எட்டு மாதமாக அவருக்கு வலது கை நடுங்குகிறது. பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். சாப்பிடும்போதுதான் அதிகம், வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் இருக்கும். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிய மனிதருக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. வீட்டில்கூட நான் நகர்ந்த பிறகுதான் சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். சம்பந்தி முன்னால் எப்படி உட்காருவது என்றுதான் வரமாட்டேன் என்கிறாரே தவிர உன்மேல் பாசம் குறைந்ததால் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். இப்போது கார் ஓட்டுவது நான்தான், அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். ஊருக்கு வெளியே வயல் பக்கம் ஒரு சுற்று போய் வரலாம் என்று கிளம்பினோம், சாப்பாடு வீட்டுக்கு வந்துதான் என்பது அவர் போட்ட நிபந்தனை. நான் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டதில் மணி இரண்டாகி, பசியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து அவரே மனம் இறங்கினார். லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தில்தான் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பது டிரைவர்களுடைய சாஸ்திரம் அல்லவா, ஆறு லாரி நின்ற கொட்டகையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய், சாப்பிட என்னப்பா இருக்கு என்று மிடுக்காகக் கேட்டார். லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டிய மெக்கானிக், கிரீஸ்தான் இருக்கு சார், பரவாயில்லையா என்றார். அது லாரிப் பட்டறை. நான் சிரித்த சிரிப்பில் கை பட்டு ஹாரன் அடித்துவிட்டது. பாவம், மெக்கானிக் எதிர்ப்பக்கம் கை காட்டி, நாங்களே அங்கதான் சாப்பிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்தக் கடை வாசலில் ஒரு சைக்கிள்கூட இல்லை. ஈ ஓட்டுகிற கடை என்று முணுமுணுத்துக்கொண்டே அப்பா வந்தார், ஆள் இல்லை என்பதால்தான் உள்ளே வந்தார் என்பது எனக்குத் தெரியும். நாலு மேஜை, பளிச்சென்று துடைத்த டம்ளர்கள், சமைப்பதும் பரிமாறுவதும் ஒரே பெண். சூடான சோறு, பூண்டு தட்டிப் போட்ட கீரை, அளவான எண்ணெயில் வறுத்த மீன். இத்தனை வருஷம் சமைத்த எனக்கே அந்த மீனைத் தின்றதும் என் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது. அப்பா முதலில் தண்ணீர் போதும் என்றார், வாசனை விடவில்லை. ஒரு வாய் எடுத்தார், சட்டையெல்லாம் சிந்தியது, அந்தப் பெண் பார்த்துவிட்டாள். எழுந்து போய்விடுவாரோ என்று நான் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, கை நடுங்குதும்மா, ஒரு ஸ்பூன் குடு என்றார். டாக்டரிடம்கூட அதை அவர் வாயால் சொன்னதில்லை, நான்தான் சொன்னேன். அவள், குழிவான கிண்ணம் இருக்கு, அதுல போட்டுத் தரேன், சிந்தாது என்று கொண்டுவந்து வைத்துவிட்டு அடுத்த மேஜையைத் துடைக்கப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் பட்டறை ஆட்கள் ஆறு பேர் சாப்பிட வந்து எதிரிலேயே உட்கார்ந்தார்கள். அப்பா கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை அம்மு. இன்னொரு துண்டு மீன் கேட்டார். நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது அப்பா, அம்மு வீட்ல சாப்பிடறப்போ எத்தனை பேர் இருப்பாங்க என்று கேட்டார். உங்களையும் என்னையும் விட்டால் நாலு பேர் என்றேன். இன்னிக்கு ஆறு பேர் இருந்தாங்களே என்றார். அதனால் அம்மு, எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போடு.

நல்லபடியாகப் பெற்றெடுத்து, மனம் குளிர நீ நீடூழி வாழ வேண்டும். மறக்காமல் ஒன்று, அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் நீயாக முந்திக்கொண்டு ஸ்பூனை எடுத்து வைக்காதே. அவரே கேட்கட்டும். கேட்பார்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்க நாளை எண்ணிக்கொண்டிருக்கும்
அம்மா