சுவரில் தொங்கும் வேடம்

செப்டம்பர் 3, செவ்வாய்

காலையில் நாரின் ஊர்ப் பக்கத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் போனில் கூப்பிட்டார், அக்கா என்கிற முறையில் எஜே என்று. "எஜே, எங்க அத்தாவுக்கு நீங்கதான் வந்து ஒப்பாரி வைக்கணும்." குரலைத் தாழ்த்தி, அப்பா எப்போது தவறினார் என்று கேட்டேன். "இன்னும் இல்ல எஜே, நல்லாத்தான் இருக்கார். கடைசி நேரத்துல நீங்க கிடைக்க மாட்டீங்களேன்னு முன்னாடியே சொல்லி வைக்கிறேன்."

இதுதான் இப்போது என் பிழைப்பு. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு படத்தில் விதவையாக வந்து பதினோரு நிமிடம், ஒரே ஷாட்டில், ஒப்பாரி வைத்தேன். எங்கோ ஒரு கடற்கரை ஊரில், நம் பாஷையில் ஒரு சொல்கூடத் தெரியாத ஜனங்கள் அதைப் பார்த்து மூக்கைச் சிந்தினார்கள். சிறந்த நடிகை என்று ஒரு வெண்கலக் கொக்கைக் கையில் கொடுத்தார்கள். பிஷ்கெக் விமான நிலையத்தில் பூங்கொத்து, மேளம், பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

அதற்குப் பிறகு? சாகும் அம்மா வேடம் ஏழு. அதில் இரண்டு பேர் படத்தின் பெயர் போடுவதற்குள் செத்துப்போனார்கள். ஒரு தயிர் விளம்பரம் வந்தது. நான் பார்க்கும் பார்வையில் தயிர் கெட்டுப்போனதுபோல் இருக்கிறது என்று வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். ஒரு கார்ட்டூனில் காக்கைக்குக் குரல் கொடுத்தேன். என் வாழ்க்கையிலேயே நல்ல நடிப்பு அதுதான், அது நான் என்று ஒருவருக்கும் தெரியாது.

கொக்குக்கு நல்ல கனம். முட்டைக்கோஸ் ஊறும் பானையின் மூடிமேல் உட்கார்ந்திருக்கிறது.

செப்டம்பர் 5

எங்கள் நாடகத் தியேட்டரில், குளிர்கால நாடகத்தில் யாருக்கு என்ன வேடம் என்ற பட்டியல் ஒட்டியிருக்கிறது. காமெடி. அதில் ஒரு கல்யாணத் தரகுக்காரி வருகிறாள் - பொய்க்காரி, தின்னிப் பண்டாரம், மூன்று வீட்டுக்கு ஒரே பெண்ணைப் பேசி முடித்துவிட்டு மாட்டிக்கொண்டு முழிப்பவள். ஐம்பத்திரண்டு வயது. எனக்கும் ஐம்பத்திரண்டு. கொடுத்திருப்பது பெகிமாய்க்கு. அவளுக்கு இருபத்தொன்பது, வயிற்றில் தலையணை கட்டிக்கொள்வாளாம்.

தலைமை இயக்குநர் மெலிஸின் அறைக்குப் போனேன். அண்ணா என்பதற்குப் பைகே என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவோம்.

"பைகே, அந்தப் படத்துக்கு முன்னாடி இருபது வருஷம் இந்த மேடையிலதான் எல்லாரையும் சிரிக்க வெச்சேன். ஆடா வந்தேன், குடிகாரப் போலீஸா வந்தேன். மறந்துட்டீங்களா?"

"நான் மறக்கலம்மா, ஜனங்க மறந்துட்டாங்க. நீ இப்ப நம்ம நாட்டோட துக்கம். உள்ள வந்தாலே கைக்குட்டையை எடுத்துடுறாங்க."

அவர் சொல்வதில் பொய்யில்லை என்பதுதான் எரிச்சல். வசந்தத்தில் ஒரு நாடக வாசிப்பில் "சூப்புல உப்பு ஜாஸ்தி" என்று ஒரு வரி சொன்னேன். மூன்றாம் வரிசையில் ஓர் அம்மாள் விசும்பினாள். முடிந்ததும் வந்து கட்டிக்கொண்டு, "எவ்வளவு பட்டிருப்பீங்களோ" என்றாள்.

எனக்கும் இந்தக் காமெடியில் இடம் உண்டாம். வீட்டுச் சுவரில் செத்துப்போன மாமியார் படம் ஒன்று தொங்க வேண்டும். அது நான்.

செப்டம்பர் 6

படம் எடுத்தார்கள். சோகமாகப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். மூடிய வாய்க்குள் நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 15

கொச்கோர் கிராமத்திலிருந்து போன். "நான் கெரிம்குல். மெலிஸோட அப்பன். எண்பத்தாறு வயசு. உன் ஒப்பாரி எனக்கு வேணும்."

"ஐயா, நீங்க நூறு வருஷம் இருக்கணும். அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் நீ எப்படியும் வருவ, என் மகன் கூப்பிடுவான். அப்ப எனக்குக் காது கேக்காதே. இப்ப வந்து வை."

உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி வைத்தால் அபசகுனம் என்றேன். "இந்த வயசுல சகுனம் வந்து என்னத்தைக் கொண்டுபோகும்? வெறும் பல் செட்டு" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 19

மூன்றாவது முறையாகக் கூப்பிட்டுவிட்டார். ஷராபத்திடம் சொன்னேன். தியேட்டரில் இருபத்தாறு வருடமாக எனக்கு விக் வைத்து முகம் எழுதுகிறவள், நாக்கில் ஊசி வைத்திருப்பவள். "போயேன்டி. துக்க வீட்டுலதான் இத்தனை நாளா நடிச்சே, ஒரு தடவை பொணம் கை தட்டட்டுமே" என்றாள்.

போகிறேன். கிழவர் மேல் இரக்கப்பட்டு என்று எழுத ஆசைதான். பொய் எழுதுவானேன்? அவர் மகன் இதைக் கேள்விப்பட்டால் அவர் மூக்கு எப்படிச் சிவக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், உடனே பையை எடுத்து வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது. பாதி சிரிப்பாக வருகிறது, பாதி பயமாக இருக்கிறது.

கொச்கோருக்கு மினி பஸ்ஸில் நாலு மணி நேரம். கிழவர் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு, மெத்தையில் சாய்ந்து, தயாராக இருந்தார். அடுப்பு புகைகிறது என்று ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் வழக்கம்போல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மலை சாய்ந்ததே என்று எடுத்தேன்.

"நிறுத்து. இது போன வருஷம் கணக்கர் ஒஸ்மோனுக்கு வெச்சது. நான் அங்கதான் இருந்தேன். அவனுக்கும் மலைதான் சாஞ்சுது. வருஷத்துக்கு எத்தனை மலையம்மா சாய்ப்ப?"

ஆறு வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. திரும்பி உட்கார்ந்தேன். "அப்ப உங்களைப் பத்திச் சொல்லுங்க. உண்மையைச் சொல்லணும்" என்றேன். சொன்னார். கூட்டுப்பண்ணையில் கால்நடை மருத்துவராக இருந்தவர். தலைவரின் குதிரைக்கு நோய் என்று சொல்லி, சவாரிதான் மருந்து என்று ஒரு கோடை முழுக்கத் தானே ஏறித் திரிந்திருக்கிறார். பெண் கேட்கப் போனபோது வீடு மாறிப் போய்விட்டார். அவர்கள் ரொட்டி வைத்து, ஆட்டிறைச்சி வைத்து உபசரித்துவிட்டார்கள். தின்ற பிறகு தப்பு வீடு என்று சொல்லக் கூச்சப்பட்டு, அந்த வீட்டுப் பெண்ணையே கேட்டுவிட்டார். ஐம்பது வருடம் வாழ்ந்தார்கள். மகன் போட்ட அத்தனை நாடகத்துக்கும் போயிருக்கிறார். அத்தனையிலும் தூங்கியிருக்கிறார்.

நான் எடுத்தேன்.

"மலையொண்ணும் சாயலையே, மரமொண்ணும் முறியலையே,
தலைவரோட குதிரைக்குத் தானா நோய் வெச்சவரே,
சாம்பக் குதிரை மேலேறிச் சவாரிதான் மருந்துன்னீரே.
வீடு மாறிப் பொண்ணு கேட்டு, விருந்து தின்ன கூச்சத்துல
கூடி வாழ்ந்தீர் அம்பது வருசம், கொறையொண்ணும் காணலையே.
மகன் போட்ட நாடகத்துல மணியடிச்சதும் தூங்கினீரே,
இன்னிக்கும் அதே தூக்கமுன்னு எழுப்பிவிட ஆளில்லையே."

கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து, இருமி, "இன்னொரு தடவை, சத்தமா" என்றார். வீட்டோடு இருக்கும் சின்ன மருமகள் திரைக்குப் பின்னால் ஏப்ரனை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் தொண்டை திறந்துகொண்டது. தெருவுக்கே கேட்கும்படி வைத்தேன்.

தெருவுக்கே கேட்டும்விட்டது. அதைத்தான் நான் யோசிக்கவில்லை.

அப்பாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு மெலிஸ் வந்திருக்கிறார். தெருமுனையில் காரை நிறுத்தியதும் ஒப்பாரிச் சத்தம். வார்த்தை புரியவில்லை, ராகம் புரிந்தது. நம் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் ஆண்பிள்ளை நடந்து வரக்கூடாது, தூரத்திலிருந்தே கதறிக்கொண்டு ஓடி வர வேண்டும். பட்டணத்தில் எவ்வளவு பெரிய இயக்குநராக இருந்தால் என்ன. "என் அத்தாவே, என் அத்தாவே" என்று அவர் ஓடி வர, அதைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் கதற, அவரைக் கேட்டு அடுத்த வீடு. ஐந்து நிமிடத்தில் வாசலில் முப்பது ஆண்கள், கழியை ஊன்றிக்கொண்டு வரிசையாக அழுகிறார்கள்.

கிழவர் டீக் கிண்ணத்தோடு எழுந்து வாசலுக்குப் போனார். எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"யாருடா செத்தது? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே."

அழ வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? ஆடு அடித்தார்கள். பெரிய மனுஷிக்கு உரிய வால் எலும்பை எனக்கு வைக்கச் சொன்னார் கிழவர். மெலிஸ் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார், கால்சட்டை முட்டியெல்லாம் மண். ஒரு வாய் சாப்பிடவில்லை. மூக்கு நான் நினைத்ததைவிட அதிகமாகவே சிவந்திருந்தது, ஆனால் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இல்லை.

செப்டம்பர் 24

அறிவிப்புப் பலகையில் திருத்தம்: மாமியார் படத்துக்கு வேறு ஆளின் படம். ஷராபத் படித்துவிட்டு, "ஆணியிலேருந்தும் இறக்கிட்டாங்களேடி" என்றாள்.

அக்டோபர் 9

பெகிமாய்க்கு அல்மாட்டியில் ஒரு சீரியல் கிடைத்துவிட்டது. தலையணையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள். தரகுக்காரிக்கு ஆள் தேடுகிறார்கள். நான்கு பேரை வாசிக்கச் சொன்னார் மெலிஸ். விக் கொண்டுவந்த ஷராபத்தைக்கூட வாசிக்கச் சொன்னார். வழியில் என்னைப் பார்த்தால் செல்போனைப் பார்க்கிறார்.

வலிக்கிறது. வேடிக்கையாகச் சொல்ல ஒன்றும் வரவில்லை. அந்தப் பொம்பளை எப்படி நடப்பாள், எப்படிப் பொய் சொல்வாள், எந்தப் பல்லால் இறைச்சியைக் கடிப்பாள் - எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து?

அக்டோபர் 15

கிழவர் போன். "குதிரை சாம்பல் இல்ல மகளே, செவலை. மாத்திக்கோ." வைத்துவிட்டார்.

அக்டோபர் 30, புதன்

ஞாயிறன்று கெரிம்குல் ஐயா போய்விட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

மெலிஸ்தான் போன் பண்ணினார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் குரல். "உல்கான், வா. வேற யாரும் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். அதே ஒப்பாரியாம்." பிறகு சொன்னார்: "வீட்டுலேருந்து போன் வந்தப்ப நான் நம்பலம்மா. ஒத்திகையில இருக்கேன், இன்னிக்கு நாடகம் வேணாம்னு அத்தாகிட்ட சொல்லுன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்."

மருமகள் அழுதபோதுகூட ஒருவரும் ஓடி வரவில்லையாம். கிழவர் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று எதிர்வீட்டுக்காரர் டீயை முழுசாகக் குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்திருக்கிறார். இதற்கெல்லாம் நான்தானே காரணம்? மினி பஸ்ஸில் வழி முழுக்க இதையே கேட்டுக்கொண்டு போனேன்.

வீட்டு வாசலில் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள். வெளியே ஆண்கள், அதே கழிகள், அதே வரிசை, நடுவில் மெலிஸ். அவர் காதுபட இதை எப்படிப் பாடுவது? மலையையே சாய்த்துவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். திரைக்குப் பின்னால் படுத்திருப்பவர் "நிறுத்து" என்று சொல்வார் போலிருந்தது. எடுத்துவிட்டேன். குதிரையைச் செவலையாக மாற்றினேன்.

குதிரை வரியில் பெண்களின் தோள்கள் குலுங்கின. வீடு மாறிய வரியில் ஒரு கிழவி வாய்விட்டே சிரித்தாள். வெளியே ஆண்கள் கனைத்தார்கள். மகன் போட்ட நாடகம் வந்ததும் எனக்குக் குரல் இறங்கிவிட்டது. வெளியே முதலில் கேட்டது மெலிஸின் சிரிப்பு. எழுப்பிவிட ஆளில்லையே என்று முடித்தபோது அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறி, கூடாரத்துணி வழியாக வந்தது. படத்தில் பதினோரு நிமிடம் அழுதேன். இன்றைக்கு அழுததுதான் அழுகை.

நவம்பர் 4

பலகையில் பார்த்தேன். தரகுக்காரி - உல்கான்.

போயேன்டி என்று அன்றைக்கு அனுப்பி வைத்த ஷராபத்துக்கு ஊறிய முட்டைக்கோஸ் ஒரு ஜாடி கொடுத்தேன்.

நவம்பர் 21

நாரின்காரர் மறுபடி போன். "எஜே, எங்க அத்தாவும் கேள்விப்பட்டாராம். உயிரோட இருக்கும்போதே கேக்கணுங்கிறார்." அவர் தெருவில் எல்லாருக்கும் முதலில் சொல்லி வையுங்கள் என்றேன். எப்படியும் இந்த மாதம் முடியாது, ஒத்திகை இருக்கிறது. "என்ன படம் எஜே, யார் சாகறாங்க?" என்றார். ஒருத்தரும் இல்லை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

ஒத்திகையில் மெலிஸ் என்னைப் பார்த்துக் கத்துகிறார், "உல்கான், உன் கண்ணை மூட்டை கட்டி வை, யாரும் சாகல" என்று. மற்றவர்களிடம் கத்துவதுபோலவே கத்துகிறார். நிம்மதியாக இருக்கிறது.

டிசம்பர் 14, சனி

முதல் காட்சி. நான் உள்ளே வந்ததும் மூன்றாம் வரிசையில் ஒரு கைக்குட்டை வெளியே வந்தது. பார்த்தேன். வாயில் இருந்த இறைச்சியை மெல்லாமல், அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டு, மெதுவாக விழுங்கினேன். அவள் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் கடைசிவரை வெளியே எடுக்கவில்லை.

எழுத வந்தது அதுவல்ல. திரை ஏறுவதற்கு முன்னால் மேடையில் நின்று பார்த்தேன். சுவரில் மாமியார் இல்லை. மெலிஸ் யாரிடமும் சொல்லாமல் படத்தை மாற்றியிருக்கிறார். புதுத் தொப்பியோடு கெரிம்குல் ஐயா, எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டு.

இடைவேளையில் மெலிஸ் பக்கவாட்டுத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டம் எப்படி, கைதட்டல் எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை.

"உல்கான், நீ பக்கத்துலேருந்து பாத்தியே. அத்தா தூங்கலையே?"

"இல்ல பைகே. கண்ணைக்கூட மூடல" என்றேன். மணியடித்தது, உள்ளே போனேன்.