நாடகக் கொட்டகைச் சூப்

1862 நவம்பர் 10, திங்கள்

அநியாயம் நடந்துவிட்டது. என் நாடகக் கொட்டகையில் சூப் குடிப்பவர்களின் பெயரை நிவாரணப் பட்டியலிலிருந்து அடிப்பார்களாம். நிவாரணக் குழுவின் தலைவர், போதகர் ஆர்மராட், இன்று அறிவித்துவிட்டார். அமெரிக்காவில் சண்டை; அங்கிருந்து பஞ்சு வரவில்லை; எங்கள் ஊர் ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. நெசவாளிகளுக்காக நான் செப்பு அண்டா வாங்கி முன்னூறு பேருக்குக் காய்ச்சுகிறேன். அது பாவமாம்!

நேரே போய்க் கேட்டேன்.

“ஆட்டக்காரிங்க நிக்கிற எடத்துல தின்னா ஆன்மா கெட்டுடும், மிஸ்டர் கிளெக்.”

“பட்டினி கிடந்தா கெடாதாக்கும்?”

“எங்ககிட்ட ரொட்டிச் சீட்டுதான் இருக்கு. அண்டாவைச் சபைக் கூடத்துக்கு அனுப்புங்க, நாங்க ஊத்துறோம்.”

“அனுப்புறேன். வாசல்ல என் பேரை எழுதுங்க.”

“நாடகக்காரன் பேரையா?” சிரித்தார்.

அனுப்பமாட்டேன்.

நவம்பர் 11

ஒன்பது பேர் வந்தார்கள்.

நவம்பர் 15

இரண்டு பேர். என் மனைவி டோர்கஸ் தொடங்கிவிட்டாள். “ஏங்க, அனுப்பித் தொலைங்களேன். வயித்துக்குப் பேரா முக்கியம்?”

நாடகச் சுவரொட்டிகளைப் பார்த்தே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவன் நான். முப்பது வருடம் இந்த ஊரைச் சிரிக்கவைத்தேன். இப்போது என் பெயர் கசக்கிறதா? இவளுக்கே புரியவில்லை.

நவம்பர் 19

நெசவாளி ரூத் ஹாவொர்த் பின்வாசலில் நின்றாள். புருஷன் இல்லாதவள். மேல் மாடத்து முதல் வரிசையிலிருந்து வில்லனைத் திட்டித் தீர்ப்பவள்.

“இன்னிக்கு யாரைத் திட்டப்போற?” என்றேன்.

“திட்டுறதுக்கும் வயித்துல ஏதாச்சும் இருக்கணும் ஐயா.”

“உள்ள வா.”

“பட்டியல்ல பேரு போயிடும். மூணு புள்ளைங்க.”

“அப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போ.”

“குழுக்காரங்க வீடு வீடா வந்து பானையைத் திறந்து பாக்குறாங்களே.”

அண்டாவின் ஆவியில் சற்று நேரம் கைகளைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நவம்பர் 20

சூப்பைப் பன்றிகளுக்கு ஊற்றினேன்.

நவம்பர் 27

ரூத் இறந்துவிட்டாள். காய்ச்சல் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். உடலைக் கழுவப் போன டோர்கஸ் திரும்பி வந்து உட்கார்ந்தாள். “கையைத் தூக்கினேன். கனமே இல்லைங்க.”

அவர்கள்தான் கொன்றார்கள். ஆர்மராட்தான் — ஆனால் அண்டா யாரிடம் இருந்தது? பதினேழு நாள். என்னிடம்தானே கிடந்தது! அனுப்பியிருந்தா குடிச்சிருப்பாளே. பாவி, நான் என்ன பண்ணிட்டேன்?

நவம்பர் 28

ஆர்மராட் செய்தது அநியாயம்தான். அதில் மாற்றமில்லை.

காலை ஆறு மணிக்கு வண்டிக்காரன் ஜோப் அண்டாவைச் சபைக் கூடத்தில் இறக்க வேண்டும். வழியில் கொல்லனிடம் நிறுத்தி, விளிம்பில் பொறித்திருக்கும் என் பெயரை அரத்தால் ராவி அழித்துவிட வேண்டும். பார்லியும் எலும்பும் இங்கிருந்தே போக வேண்டும். பட்டாணியை அடிப்பிடிக்காமல் கிண்டச் சபைப் பெண்களுக்குத் தெரியாது. டோர்கஸ் கூடப் போக வேண்டும். ரூத்தின் மூன்று பிள்ளைகளுக்கும் முதலில் ஊற்ற வேண்டும். அதை ஆர்மராட் செய்ய வேண்டும்.

அதற்கு அவரிடம் ஒருவர் போய்க் கெஞ்ச வேண்டும். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு. அது நான்.