ஒரே இழுப்பில் அவிழும் கூரை

நவம்பர் 24, செவ்வாய்

கே.கே. நகர் கல்யாணத்துக்கு வாடகை நாற்காலி இறக்கிவிட்டு வந்தேன். முதுகு போச்சு. டிவியில் புயல், புயல் என்று கத்துகிறான். ராமநாதபுரம் பக்கம் கரையேறி மதுரை வழியாக மேற்கே போகுமாம்.

பக்கத்து வீட்டு சின்னச்சாமி அண்ணன் சிரிக்கிறார். "ஏன் பாய், மழையே நம்ம ஊருக்கு வழி கேட்டுத்தான் வருது. புயல் எங்கிட்டு வரப்போகுது?"

நானும் சிரித்தேன். சாயிரா சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே என் பேச்சு எதுக்கும் அவள் சிரித்ததில்லை.

நவம்பர் 25, புதன்

சாயிரா மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அந்தத் தகரம் நிக்குமா?"

"இந்தப் பக்கீர் முகமது போட்ட பந்தல் என்னைக்காவது விழுந்திருக்கா?"

"விழுறதுக்குள்ளதான் நீங்களே பிரிச்சுருவீங்களே."

அவள் சொல்வது சரிதான். மாடிக் கொட்டகையில் இருப்பது அத்தனையும் தொழில் தகரம். யாராவது சமையல் கொட்டகை கேட்டால் இங்கிருந்துதான் பிரித்துக் கொண்டுபோவேன். விசேஷம் முடிந்ததும் திரும்பக் கட்டுவேன். அதனால் ஆணி இல்லை, போல்ட் இல்லை. எல்லாம் கயிறு. ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு.

என் தொழில் புத்தி என் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

நவம்பர் 26, வியாழன்

புயல் நாளை மதியமாம். பள்ளிக்கூடம் லீவு. "அத்தா, பரீட்சை தள்ளிப்போச்சு!" என்று மகள் ஹஃபீஸா குதிக்கிறாள்.

எனக்கு மாடித் தகரம்தான் நினைப்பு. எங்களுடையது தளம் போட்ட வீடு, நாங்கள் தப்பிப்போம். தகரம் பறந்தால் நேரே சின்னச்சாமி அண்ணன் வீட்டு ஓட்டு மேல்தான். அந்த ஓட்டுக்குக் கீழேதான் அவர் மகள் அஸ்வினி பிரசவமாகிப் படுத்திருக்கிறாள். பிள்ளைக்கு இன்னும் பதினைந்து நாள்கூட ஆகவில்லை.

போய்க் கூப்பிட்டேன். "நாளைக்கு ஒருநாள் எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்துருங்கண்ணே."

அவர் வீட்டுக்காரம்மா அன்னக்கொடி விடவில்லை. "முப்பது நாள் கழியாம பச்சப்பிள்ளைய வாசல் தாண்ட விடமாட்டோம் பாய். அதுவும் இம்புட்டுக் காத்துல?"

தகரம் விஷயம் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அண்ணன், "உங்க கொட்டகையே ஆடாம நிக்குது. எங்களுக்கு என்ன பயம்?" என்றார். ஊமையாகத் திரும்பி வந்தேன். நல்ல ஆம்பிளை.

காலையில் பிரித்துவிடலாம். வேலைக்கு வருகிற சுருளி வெள்ளனவே வாரேன் என்றிருக்கிறான்.

நவம்பர் 27, வெள்ளி

சுருளி போன். "அண்ணே, அலங்காநல்லூர்ல பஸ்ஸே ஓடலண்ணே." பாதியில் கட்டாகிவிட்டது. கரண்டும் இல்லை.

மாடியில் தகரம் படபடங்குது. தனியாத்தான் ஏறணும். யா அல்லாஹ்.

அதே நாள், சாயங்காலம்

இப்பத்தான் ஈரத்துணி மாத்திட்டு உக்காந்தேன்.

முதல் தகரங்கள் சொன்னபடி கேட்டன. இழுத்தேன், அவிழ்ந்தது. படுக்கப்போட்டு பிரியாணி அண்டாக்களை மேலே தூக்கி வைத்தேன். மாடியில் அடுக்கியிருந்த நாற்காலிகள் தெருவில் பறந்து போயின. போகட்டும்.

அண்ணன் வீட்டுப் பக்கத்துக் கடைசித் தகரம் இருக்கே — அங்கேதான் மாட்டினேன். ஒரு முனையைக் காத்தே அவுத்துருச்சு. மறு முனைக் கயிறு நனைஞ்சு ஊறி இறுகிப்போச்சு. இழுக்கிறேன், இழுக்கிறேன், அசையல. இத்தனை வருசம் அவுந்த முடிச்சு! தகரம் தூக்குது, அடிக்குது, தூக்குது. கீழே அந்தப் பிள்ளை அழுற சத்தம். கயிறு தானா அத்துட்டா அது மேலதான்.

தகரத்து மேலேயே விழுந்து படுத்துட்டேன். என் தொப்பை உருப்படியா செஞ்ச ஒரே வேலை. அதுவும் பத்தல. என்னையும் சேர்த்துத் தூக்குச்சு. செத்தேன்னு நினைச்சேன்.

"பிடிங்க! விட்றாதீங்க!"

சாயிரா. கையில் மீன் அறுக்கிற கத்தி. என் காலை மிதிச்சுக்கிட்டு நின்னு கயித்தை அறுத்தா. நான் உள்பக்கமா இழுக்க, தகரம் எங்க பக்கமா விழுந்துச்சு. ரெண்டு பேரும் அதும்மேலேயே உக்காந்துட்டோம். இறங்கப் பயம். மழை ஊசியா குத்துது. நான் துஆ ஓதுறேன், பாதியில மறந்துபோச்சு. அவ எடுத்துக் குடுத்தா.

எம்புட்டு நேரம் இருந்தோமோ. பிள்ளை அழுகை கேட்கும்போதெல்லாம் உசுரு வந்துச்சு. அழுதா இருக்குன்னுதானே அர்த்தம்.

நவம்பர் 28, சனி

வெயில். அண்ணன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏன் பாய் கொட்டகையப் பிரிச்சீங்க? நீங்க கட்டுனதாச்சே, நின்னிருக்கும்ல?" என்றார்.

குனிந்து தெருவில் கிடந்த நாற்காலியை எடுத்தேன். உள்ளேயிருந்து சாயிரா சிரித்த சத்தம் கேட்டது.

டிசம்பர் 13, ஞாயிறு

முப்பது கழிந்து அஸ்வினி பிள்ளையைத் தொட்டிலில் போட்டார்கள். வாசல் பந்தல் என்னுடையது. சமையல் கொட்டகைக்கு மட்டும் விருமாண்டி கடையில் தகரம் வாடகைக்கு எடுத்தேன். என் தகரமெல்லாம் மாடியில் போல்ட் போட்டு இறுகிக் கிடக்கிறது.

அன்னக்கொடி பிள்ளையை வாசல் தாண்டித் தூக்கிவந்து, "பாய், மொதல்ல நீங்க வாங்குங்க" என்று என் கையில் வைத்தார்.

நான் முதலில் மேலே பந்தல் முடிச்சைப் பார்த்தேன். அப்புறம்தான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.