ஒரு மிஸ்டு கால் என்றால் நலம்

உத்தமபாளையம்

அன்பு மகன் ஷானவாஸுக்கு அத்தா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கச்சி பெனாசிரும் நலம், சார்ஜாவில் நீயும் நலமாக இருப்பாய், உன் போன் உன்னைவிட நலமாக இருக்கும். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. அம்மாவைப் பற்றிப் போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரைப் போட்டு அவள்தான் முதல் ஆளாக உட்காருகிறாள், அதனால் லீவு முடிந்து சார்ஜாவுக்குத் திரும்பும் ஜெயமங்கலத்துப் பாண்டியராஜனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வெளிநாட்டுக்குப் பேச என்னென்ன வழி என்று போன் கடை விஜய்ராஜிடம் கேட்டேன், பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பலகாரம் வைப்பதுபோல் அடுக்கினான். சும்மா அடித்தால் நிமிடத்துக்கு நிமிடம் காசு உருவுமாம், ஐஎஸ்டி பேக் போட்டால் கொஞ்சம் மரியாதையாக உருவுமாம். வாட்ஸ்அப்பில் எழுத்து வரும், பேச்சு உங்கள் ஊரில் ஓடாது. நீ ஏற்றித் தந்த ஆப்பில் பேச்சு இலவசம்தான், ஆனால் மேகமலையில் மழை இறங்கினால் நீ வாயைத் திறந்தபடி நின்றுவிடுகிறாய், நாங்களும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறோம். இவ்வளவு இருந்தும் நம் குடும்பம் நம்பியது மிஸ்டு காலை. ஒன்று வந்தால் எல்லாரும் நலம், இரண்டு வந்தால் நீ கூப்பிடு. காசு மிச்சம் பிடிக்க நீ போட்ட சட்டம்.

போன மாதம் நான் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போது அம்மா அடுப்படியில் சரிந்து விழுந்தாள். தேனி ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனதும் என் பட்டன் போனில் உனக்கு அடித்தேன், முதல் தடவையாக நீ எடுக்க வேண்டும் என்று அடித்தேன். முழு ரிங்கும் போனது. நீ ஒழுக்கமான பிள்ளை, அத்தா காசு வீணாகக் கூடாது என்று எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெனாசிர் போனுக்கு நீ அனுப்பிய கட்டைவிரல் படம் வந்தது, கூடவே ஒரு பூங்கொத்து. மறுபடி அடிப்பதற்குள் டாக்டர் கூப்பிட்டார், அப்புறம் எனக்குக் கை ஓடவில்லை. அந்தப் பூங்கொத்தைப் பார்த்து அழுதேன்.

பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. பக்கவாதம், கை திரும்பிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. கண் விழித்ததும் சைகையிலேயே தடை போட்டாள். "அண்ணன்ட்ட சொல்லிறாதீக அத்தா, வேலைய விட்டுட்டு ஓடியாந்துருவான்னு அம்மா சொல்றாக" என்று பெனாசிர்தான் அர்த்தம் சொன்னாள். அம்மாவுக்கு என்மேல் கோபமா, பேசவே மாட்டேன் என்கிறாளே என்று நீ கேட்கும்போதெல்லாம் நெட் சரியில்லை என்று பொய் சொல்கிறேன், பெனாசிர் கேமராவை அணைத்துவிடுகிறாள், நெட்டின் புண்ணியத்தில் நீயும் நம்புகிறாய். ஹோட்டல் சாப்பாடு வேண்டாம், ஈரத்தலையோடு ஏசியில் படுக்காதே, இதெல்லாம் அவள் வழக்கமாகச் சொல்வது, அவளுக்காக நான் எழுதுகிறேன்.

விஜய்ராஜ் சொன்ன வழியெல்லாம் வாய் பேசுகிறவர்களுக்கு. ரமலானுக்குத்தான் லீவு என்றாய், அதுவரை வைக்காதே, டிக்கெட் போடு. இதைப் படித்ததும் போன் அடித்துவிடாதே, அவள்தான் எடுப்பாள். அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். இப்போது அவளுக்கு வருகிற ஒரே சொல் உன் பெயர், அதுவும் குழறலாக. நீ கூப்பிடும்போது அது வந்துவிடாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

துஆவுடன்,
உன் அத்தா சேக் பரீத்