வாசலில் என் கணவர்

1479, மார்ச் 4

இன்றும் மழை இல்லை. கோட்டைத் தொட்டித் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆளுக்கு இரண்டு குவளை போதும் என்று காவல் தலைவர் விளாஷிடம் சொன்னேன். "குதிரைங்களுக்கு என்னம்மா குடுக்கறது?" என்றார். நான் சமையற்கட்டுப் பக்கம் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

மார்ச் 6

குதிரைக்கறி. என் மகள் ஐரினா தட்டைத் தொடவே இல்லை. பதின்மூன்று வயது. அந்தக் குதிரையில்தான் சவாரி பழகினாள்.

மார்ச் 9

நமக்குத் துணை நின்ற வெனிஸ்காரர்கள் சுல்தானோடு சமாதானம் செய்துகொண்டார்களாம். இனி நமக்கென்று யாரும் வரப்போவதில்லை. லெஷா துறையில் ஒரே ஒரு கப்பல், கடலுக்கு அக்கரையில் அப்பூலியாவுக்கு ஓடுகிறவர்களை ஏற்றிக்கொள்ள, ஈஸ்டர் வரைக்கும் நிற்கும். ஒரு நாள் நடைதான். ஆனால் கோட்டையைச் சுற்றிலும் சுல்தானின் தளபதி பாஷாவின் படை. உள்ளே நூற்றுப் பதினோரு உயிர்கள். எந்த வழியாகப் போவது? இறக்கையா இருக்கிறது?

மார்ச் 12

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

காலையில் வெள்ளைக் கொடியோடு ஒருவர் வாசலுக்கு வந்தார். தலைப்பாகை, நரைத்த தாடி. "கோட்டைத் தலைவிகிட்ட பேசணும்" என்று கூப்பிட்டார். அந்தக் குரல் —

புரோகோன். என் கணவர். பாஷாவின் ஆட்கள் சிறைபிடித்துக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது. செத்திருப்பார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் இப்படி வருவார் என்றும் நினைத்ததில்லை.

"இப்ப என் பேரு தாவூத்" என்றார். "மண்ணுக்கடியில ஒரு குழியில பதினாலு மாசம் கிடந்தேன், ஜெலா. என்னை என்ன வேணா திட்டு. ஆனா பீரங்கி வர்றதுக்கு முன்னாடி கதவைத் தொற."

பக்கத்தில் விளாஷ் வில்லை வளைத்துவிட்டார். "ஒரு வார்த்த சொல்லுங்கம்மா, போதும்."

விளாஷின் கையைப் பிடித்து அம்பைக் கீழே இறக்கினேன்.

மார்ச் 13

நிபந்தனை வந்துவிட்டது. ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு எல்லோரும் கப்பலுக்குப் போகலாம். நானும் ஐரினாவும் மட்டும் போகக்கூடாது. மனைவியும் மகளும் பிடியில் இருந்தால்தான் பாஷா அவரை நம்புவாராம். நான் இருந்துவிடுவேன். ஐரினா? அவளை எதிர்னேயில் சுல்தானின் அரண்மனைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போன எந்தப் பெண்ணும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 14

மதில்மேல் நின்று அவரிடம் சொன்னேன். "ஐரினா இல்லீங்க. பனிக்காலத்துக் காய்ச்சல்ல போயிட்டா."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெற்றவள் வாயால் சொல்லிவிட்டேன். மாதாவே, நான் என்ன பொம்பள?

மார்ச் 15

நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டேன், நாளைக் காலையில் கதவைத் திறக்கிறோம். ஐரினாவின் ஜடையை நானே வெட்டினேன். ரொட்டிக்காரி தூலாவின் மகள் என்று அவள்கூடப் போகவேண்டும். முகத்தில் சாம்பலைப் பூசினால் தட்டிவிடுகிறாள். "எங்கள எல்லாம் அனுப்பிட்டு, நீ போய் அந்த ஆளுக்குப் பக்கத்துல உக்காந்துக்குவ. அதானே? துரோகி!"

அறைந்துவிட்டேன். தூலாதான் நடுவில் வந்து அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 16

போய்விட்டார்கள்.

வாசலில் பாஷாவின் எழுத்தர் ஒவ்வொரு தலையாகப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே என் கணவர். விளாஷ் போகும்போது அவர் காலடியில் துப்பினார். அவர் அசையவில்லை. பின்னால் தூலா, அவளுக்குப் பின்னால் மாவு மூட்டையோடு ஐரினா. குனிந்துகொண்டே போடி, குனிந்துகொண்டே போடி என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். பாவி, அவருக்கு நேரே வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"யாரு இவ?" என்று எழுத்தர் கேட்டார்.

"ரொட்டிக்காரி பொண்ணு" என்றார். "சின்னதுலேர்ந்தே திமிர் புடிச்சவ. போகச் சொல்லுங்க."

அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. கடைசியாக என் கை அவள்மேல் பட்டது அந்த அறைதான்.

மார்ச் 17

நான் இன்னும் சாகவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 11

ஈஸ்டர். மணி அடிக்கவில்லை. கோட்டை இப்போது பாஷாவுக்காக என் கணவர் பொறுப்பில். பாஷாவின் ஆட்கள் எந்நேரமும் கூடத்தில் இருக்கிறார்கள். நாங்கள் பேசுவதெல்லாம் பாஷாவின் காதுக்குப் போகிறது. ஆகவே பேசுவதே இல்லை. அன்று வாசலில் நடந்ததைப் பற்றி அவரும் ஒரு சொல் சொல்லவில்லை. நான் செய்ததைப் பொறுத்துக்கொண்டாரா? அவர் செய்ததை நான் பொறுப்பேனா? எதிரெதிரே உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறோம்.

மே 2

கப்பல் கரை சேர்ந்ததா இல்லையா, யாராவது சொல்லித் தொலையுங்களேன்.

ஜூன் 21

உப்பு வியாபாரி வந்தான். அக்கரைக்குப் போய் வந்தவன். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், வாசற்படியில் சிப்பாய்கள். அவன் பாட்டுக்குப் பேசினான்: "உங்க சனங்க நல்லாத்தான் இருக்காங்க, எசமான். தூலா அங்கயும் அடுப்பு போட்டுட்டா. அவ பொண்ணுதான் ஒரு மாதிரி. வந்து எறங்குனதுமே கோயிலுக்குப் போயி, செத்துப்போன அப்பா அம்மாவுக்குன்னு பூசை வெச்சுதாம். தூலா குத்துக்கல்லாட்டம் இருக்கா, யாருக்கு வெச்சுதோ!"

சிப்பாய்கள் சிரித்தார்கள்.

"ரெண்டு பேருக்குமா?" என்று கேட்டார் அவர்.

"ஆமா எசமான். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான்."

தலையாட்டினார். கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து தானிய அறைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, சட்டைக் கையை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

வெளியே சிப்பாய்களின் காலடிச் சத்தம் நெருங்கியது. நான் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன்.