ஆணியில் தொங்கிய நான்கு கோப்பைகள்

ஊரிகம்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் ஃப்ளோராவுக்கு,

மாதாவின் தயவால் இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் என் சொல்லைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்த நார்வே குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபிக்கிறேன். பத்திரிகையில் வந்த உன் பேட்டியைக் கிளமெண்ட் கொண்டுவந்தார். அப்பாவோடு சுரங்கத்தில் ஒரே ஷிஃப்டில் இருந்தவர் அல்லவா, தன் மகள் பவ்யாவிடம் சொல்லி அச்செடுத்து, ஸ்டேஷன் வரை எல்லோருக்கும் காட்டிவிட்டுக் கடைசியாகத்தான் என்னிடம் வந்தார். எண்ணெய்க் கிணற்றுக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு நீ இறக்கும் கண்ணாடி இழை, குழாய் உடைவதற்கு முன்பே சின்னச் சின்ன அதிர்வுகளைக் கேட்டு மேலே சொல்லிவிடும், அதற்காகத்தான் உனக்கு விருது என்பதை இரண்டு முறை படித்துப் புரிந்துகொண்டேன். பெருமையாக இருந்தது, அடுத்த பத்தியைப் படிக்கும் வரை.

இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டதற்கு, தங்கச் சுரங்கத்தில் அப்பா கம்பியால் பாறையைத் தட்டி, அது உறுதியா என்று சத்தத்தைக் கேட்பார், அதிலிருந்துதான் என்று சொல்லியிருக்கிறாய். தட்டினார், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தை நீ எப்போது கேட்டாய்? அது கீழே அறுபத்தைந்தாம் லெவலில், ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் உன்னை ஒரு நாளும் ஏற்றியதில்லை. நீ கேட்டதெல்லாம் என் சமையலறையில். பூமிக்குள் பாறை வெடித்தால் வீடு அதிருமே, அதற்காக நான்கு பீங்கான் கோப்பைகளை, ஒன்றைவிட ஒன்று கனமானதாகப் பார்த்து, வரிசையாக ஆணியில் தொங்கவிட்டிருந்தேன். முதல் கோப்பை மட்டும் ஒலித்தால் சின்ன அதிர்வு, நான்கும் ஒலித்தால் அடுப்பை அணைத்துவிட்டு உன்னையும் இழுத்துக்கொண்டு சுரங்க வாசலுக்கு, ஷாஃப்ட் கேட்டுக்கு ஓடுவேன். தேதி, நேரம், எத்தனை கோப்பை, எல்லாம் நோட்டில் இருக்கிறது. ஒன்பது வயதில் அதைக் கிராஃப் தாளில் வரைந்து, "அம்மா, சின்னது அடிக்கடி வந்தா அப்புறம் பெருசு வருதும்மா" என்று நீதான் சொன்னாய். அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "கப்பு ஆடுதுன்னா கேஜை நிறுத்திடுவானா? இன்னாடி இது கூத்து" என்று சிரித்தார். நீயும் அவரோடு சேர்ந்து சிரித்தாய். நான் மறக்கவில்லை.

இன்று பூசையில் ஃபாதர் உன் அப்பாவின் பெயரைச் சொல்லி நன்றி செபம் செய்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள், நான் சொல்லவில்லை. வெளியே வந்ததும் கிளமெண்ட், "இன்னா அண்ணி, அண்ணன் பேரு நார்வே வரைக்கும் போய்க்கீது, நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சினுகீறீங்க?" என்று கேட்டார். முழங்கால் வலி என்று பொய் சொன்னேன். உன்னிடம் பொய் எதற்கு, பொறாமைதான். கல்லறைக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆன மனிதர் மேல் பொறாமை. காலையிலிருந்து கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான், கேஜ் மேலே வந்ததும் என் கையை உதறிவிட்டு நீ ஓடியது அவரிடம். நாற்பத்தாறு வயதிலும் அப்படித்தான் ஓடியிருக்கிறாய்.

விருது மேடையில் வைக்க அப்பாவின் தலைவிளக்கைக் கேட்டிருந்தாய். துடைத்துக் கட்டிவைத்துவிட்டேன், நாளை கூரியரில் போகும். முப்பது வருடம் இறங்கி ஏறியவர், அந்த மரியாதை அவருக்கு உரியது. ஆனால் அதிர்வைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது நான். அடுத்த மாதம் விழாவில் பேசும்போது அதையும் சொல். புகழ்ச்சி வேண்டாம், பிழையைத் திருத்தச் சொல்கிறேன். அது உன்னால் முடியாது என்றால் விழாவின் வீடியோவை எனக்கு அனுப்பாதே.

காதை மூடாமல் வெளியே போகாதே. வெறும் வயிற்றோடு வேலைக்குக் கிளம்பாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. இத்தனை வருடமும் கடிதத்தின் அடியில் அம்மா என்று மட்டுமே எழுதிவந்தேன். மேடையில் நீ அம்மா என்று மட்டும் சொன்னால் அது யார் என்று அங்கே யாருக்குத் தெரியும்? அதனால் இந்த முறை முழுதாகக் கையெழுத்திடுகிறேன்.

இப்படிக்கு,
கரோலின் மேரி சுந்தரராஜ்