சீட்டில்லாத மூட்டை

குரங்கணி,
கார்த்திகை 8.

அன்பு மகன் ஈஸ்வரனுக்கு அப்பா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பெங்களூரில் குளிர் அதிகம் என்று அம்மா சொன்னாள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. போனில் பேசினால் நீ மீட்டிங் என்பாய், எனக்கும் கோபம் வரும். அதனால்தான் இந்தக் காகிதம்.

மழை விட்டபாடில்லை. ஜீப்பு ரோட்டில் மண் சரிந்து இரண்டு நாளாக லோடு இறங்கவில்லை. ஸ்டோரில் ஏலக்காய் தேங்கிக் கிடக்கிறது.

உன் தங்கச்சி பவித்ரா இந்தத் தடவை பரீட்சை எழுதவில்லை. ஹால் டிக்கெட் வாங்கப் போடிக் காலேஜுக்குப் போனோம். அவள் பரீட்சைப் படிவமே வரவில்லை என்றார்கள். அனுப்பினேன் என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லியும், கம்ப்யூட்டரில் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் காலேஜ் வெப்சைட்டைத் திறக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண் தெரியாத பிள்ளைக்குப் போன் படித்துச் சொன்னால்தான் உண்டு. பாடமெல்லாம் தாளைப் போட்டோ பிடித்துப் போட்டிருக்கிறது. போன் 'படம், படம்' என்பதோடு நின்றுவிடுகிறது. படிவத்தின் அடியில் இரண்டு பட்டன். என் கண்ணுக்கு ஒன்றில் சரிக்குறி, மற்றதில் குப்பைத்தொட்டி. அவள் காதுக்கு இரண்டுமே 'பெயரில்லாத பட்டன்'. எழுதியதையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு, அனுப்பிவிட்டோம் என்று நம்பி ஒரு மாதம் படித்திருக்கிறாள்.

காய் எவ்வளவு நயமாக இருந்தாலும், ரகமும் எடையும் எழுதிய சீட்டுக் கட்டாமல் ஒரு மூட்டையை நான் ஜீப்பில் ஏற்ற விட்டதில்லை. பள்ளிக்கூட லீவில் நீயே எத்தனை சீட்டு எழுதியிருப்பாய்.

கடைசியில் போன் ஒன்றைத் தெளிவாகப் படித்தது: வடிவமைப்பு, மொ. ஈஸ்வரன். பொங்கலுக்கு வந்தபோது நம்ம ஊர்க் காலேஜுக்குச் செய்தேன் என்றாயே, அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். வெட்கமாகப் போய்விட்டது. பட்டனுக்குப் பெயர் வைப்பதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருப்பாய். இது உன் வேலை என்று அவளுக்கு முன்னமே தெரியும். "அண்ணேங்கிட்டச் சொல்லாதீங்கப்பா, மனசு ஒடிஞ்சு போகும்" என்றாள்.

இப்போது என்னோடு ஸ்டோருக்கு வந்து காய்க்குக் காம்பு கிள்ளுகிறாள். நல்ல கைவேகம் என்று கணக்கப்பிள்ளை மெச்சுகிறார். இனிப் படிப்பு வேண்டாமாம். "இந்தச் சோலிக்குக் கண்ணு வேணாம்ல" என்கிறாள்.

தை மாதம் படிவம் மறுபடி திறக்குமாம். நான் கூட உட்கார்ந்து அமுக்கிக் கொடுப்பேன், அது பெரிதில்லை. ஆனால் இன்னொருத்தர் கையால் அமுக்குவதென்றால் வேண்டவே வேண்டாம் என்கிறாள். அவள் பிடிவாதம் உனக்குத் தெரியாததா?

படிப்பை விட்டாளே தவிர, அந்தப் பக்கத்தை விடவில்லை. சாயங்காலம் கை கழுவியதும் அதைத் திறந்து, கீழே கடைசி வரி வரைக்கும் தள்ளி, உன் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் போனை மூடுகிறாள். நீ நன்றாக இருக்க வேண்டும் அப்பு. உன் பெயருக்கு மேலே உள்ளதும் அவள் காதில் விழட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
மொக்கச்சாமி